சாரல் காலத்தில் வண்டி பேட்டரி நிறைவதே இல்லை: எதை முதலில் மாற்றுவது?

புளியரைக்காற்று (செங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். கோவைக்காரர் ஒருவரிடமிருந்து டிராவலர் வேன் ஒன்றை மோட்டார் ஹோமாகவே வாங்கினோம். பிஎஸ்-6 வண்டி. படுக்கை, அடுப்பு மேடை, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் எல்லாம் அவரே செய்து வைத்திருந்தார். நான், மனைவி, அம்மா மூவரும் தென்மலை, குளத்துப்புழை, அச்சன்கோவில் பக்கம்தான் அதிகம் போவோம். கோடையில் மூணாறு, மறையூர்.

மின்சார ஏற்பாடு இதுதான். கூரையில் 330 வாட் பாலி பேனல் இரண்டு, பேரலலாக. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் (சாதா ரகம்) கன்ட்ரோலர். 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று, வீட்டு யுபிஎஸ்ஸுக்குப் போடும் ஈய-அமில ரகம், பின்கட்டிலுக்கு அடியில். வீட்டுக்குப் போடுகிற 850 விஏ சைன்வேவ் யுபிஎஸ். வண்டி ஓடும்போது ரிலே (தானியங்கி சுவிட்ச்) வழியாக எஞ்சினிலிருந்தும் சார்ஜ் ஏறும் என்று சொன்னார்.

பங்குனி, சித்திரையில் குறை ஒன்றும் இல்லை. ஆனியில் சாரல் இறங்கியதும் ஆரம்பிக்கிறது தொல்லை. பின்னிரவில் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தும், ஃபேன் நிற்கும், அதற்குப் பின் ஃபிரிட்ஜும் நிற்கும். அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருப்பதால் விட்டுத்தள்ளவும் முடியவில்லை. 200 ஏஹெச் லித்தியம் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் இங்கே வந்துவிட்டேன். பேட்டரியை மாற்றுவதா, பேனலைக் கூட்டுவதா?

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் (பாலக்காடு)

யோசிக்கவே வேண்டாம், லித்தியம்தான். 150 டியூபுலரில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 75 ஏஹெச். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். 200 லித்தியத்தில் 160, 170 தாராளமாக எடுக்கலாம். எடையும் பாதிக்குக் கீழே. நான் மாற்றிய பிறகு பேட்டரி என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

---

ஆம்பியர் அண்ணாச்சி (தென்காசி)

கொழிஞ்சாம்பாறை தம்பி, நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வெயில் பக்கம். இவர் போவது ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம். வரவே இல்லாத வீட்டில் பெரிய பீரோ வாங்கி வைத்து என்ன செய்ய?

புளியரை தம்பி, பேனலின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 330 வாட் பாலி என்றால் அநேகமாக 72 செல். வேலை செய்யும் வோல்ட் 37, 38 இருக்கும், ஆம்பியர் 8.8 அளவில். நம் ஊரில் 24 வோல்ட் பேனல் என்று விற்பது இதைத்தான். இதை 12 வோல்ட் பேட்டரியில் பிடபிள்யூஎம் வழியாக மாட்டினால், கன்ட்ரோலர் பேனலை இழுத்துக்கொண்டுபோய் பேட்டரி வோல்ட்டோடு ஒட்டிவிடும். ஆம்பியர் மட்டும் அப்படியே வரும். இரண்டு பேனலுக்கும் சேர்த்து 17.6 ஆம்பியர், அதை 13 வோல்ட்டால் பெருக்கினால் 229 வாட். நீங்கள் கூரையில் சுமப்பது 660 வாட். மீதி கூரையோடு சரி.

எம்பிபிடி என்கிற வேறு ரகக் கன்ட்ரோலர் போட்டால் 38 வோல்ட்டை 13, 14-க்கு இறக்கி ஆம்பியரைக் கூட்டித் தரும். உச்சி வெயிலில் கூரை சூடேறி பேனல் 65 டிகிரிக்குப் போனால், பாலி பேனலில் டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் 16 சதவீதம் போய்விடும். அதையும் கன்ட்ரோலர், வயர் இழப்பையும் கழித்தாலும் 38, 39 ஆம்பியர் வரும். மேகம் மூடினாலும் அதே விகிதம்தான். பிடபிள்யூஎம்மில் 4 வந்த இடத்தில் இதில் 9 வரும்.

அதனால் முதலில் கன்ட்ரோலர். பேட்டரிக் கதையைப் பிறகு பேசலாம்.

---

ஸ்பேனர் தம்பி (பொள்ளாச்சி)

அண்ணா சொல்றது சரிதானுங்க, ஆனா ஒன்று விட்டுப்போச்சு. டியூபுலருக்கு 39 ஆம்பியர் ஏற்றக் கூடாதுங்க. 150 ஏஹெச்சுக்கு 15 ஆம்பியர் சுகம், 20 வரை பொறுக்கும். அதுக்கு மேலே போனா கொதிக்கும், தண்ணி குறையும். எம்பிபிடியில் அதிகபட்ச ஆம்பியரைக் குறைத்து வைக்க ஒரு செட்டிங் இருக்கும், அதைக் கட்டாயம் வையுங்க. அப்படிப் பார்த்தா நல்ல வெயிலில் பெருசா லாபம் இல்லை, மூடாப்பு நாளில்தான் லாபம். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

என் தொழில் ஆட்டோ எலக்ட்ரிக்கல். எனக்கு அந்த ரிலே மேலேதான் சந்தேகமுங்க. பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது) ஈசியுங்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துது. ஸ்டார்ட் பண்ணினதும் 14.3 காட்டும், எஞ்சின் பேட்டரி நிறைஞ்சதும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டை 12.5, 12.8-க்கு இறக்கிடும். அந்த வோல்ட்டில் பின்னாடி இருக்கிற பேட்டரிக்கு ஒண்ணும் ஏறாது. ரிலேயும் சில சமயம் தானே கழன்றுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுற சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றைச் செருகி, ஏற்றத்தில் என்ன, இறக்கத்தில் என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.

---

ஏலக்காய்க்காரி (வண்டிப்பெரியாறு)

ஓட்டுநர்களே, ஒரு சின்னக் கேள்வி. வரவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், செலவை யாராவது கேட்டோமா? அந்த 850 விஏ யுபிஎஸ் ராத்திரி முழுக்க ஆனில் இருக்கிறதா? எங்கள் எஸ்டேட் வீட்டு யுபிஎஸ் எந்த லோடும் இல்லாமலே பேட்டரியைத் தின்னும். வண்டியில் ஒரு ஃபேனுக்காக அதை விடிய விடிய ஓட விடுகிறீர்களா?

---

புளியரைக்காற்று (செங்கோட்டை)

அக்கா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஃபேன் 230 வோல்ட் சாதா ஃபேன். அதற்காக யுபிஎஸ் ராத்திரி பூராவும் ஆனில்தான் இருக்கிறது.

மைத்துனனிடம் டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தது. சொன்னதையெல்லாம் அளந்துவிட்டேன்.

பேனல் லேபிள்: திறந்த சுற்றில் (எதிலும் மாட்டாதபோது) 46 வோல்ட், வேலை வோல்ட் 37.6. அண்ணாச்சி சொன்னது அச்சு அசல்.

நல்ல வெயிலில் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16 ஆம்பியர். மூடாப்பில் நாலு.

யுபிஎஸ் ஆனில், எல்லா லோடும் அணைத்து: 1.3 ஆம்பியர். அதாவது ஒரு நாள் முழுக்க விட்டால் 31 ஏஹெச்! ஃபிரிட்ஜே ஒரு நாளைக்கு 35 அளவில்தான் எடுக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறோம்.

வண்டி ஓடும்போது: ஆரியங்காவு ஏற்றத்தில் 12.6. ஏற்றம் முடிந்து தென்மலைப் பக்கம் கியரில் இறங்கும்போது 14.7 வரை போய் மறுபடி விழுகிறது. பின்பேட்டரி வயரில் கிளாம்பைப் போட்டு மனைவி பார்த்துக்கொண்டே வந்தாள். இறக்கத்தில் கொஞ்சம் அசைகிறது, மற்ற நேரம் சுழியம்.

---

ஸ்பேனர் தம்பி (பொள்ளாச்சி)

அதேதானுங்க. ரிலேயைக் கழற்றிப் போட்டுட்டு டிசி-டிசி சார்ஜர் வையுங்க. உள்ளே 12.5 வந்தாலும் வெளியே 14.4-ஆ ஏற்றித் தரும். 30 ஆம்பியர் ஒன்று போதும். வோல்ட்டைப் பார்த்து எஞ்சின் ஓடுதான்னு கண்டுபிடிக்கிற முறையை நம்பாதீங்க, உங்க வண்டியில் அது ஏமாந்துபோகும். இக்னிஷனிலிருந்து ஒரு சிக்னல் வயர் கொடுத்திடுங்க.

முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் இழுங்க. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர்னா 35 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் விழும், பரவாயில்லை. 6 ஸ்கொயர் போட்டீங்கன்னா ஒரு வோல்ட்டுக்கு மேலே போயிடும், வயரும் சுடும். இரண்டு முனையிலும், பேட்டரிக்கு ஒட்டியே, ஃப்யூஸ். இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கு, நடுவில் வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருப்பு வரும்.

---

மலைவண்டி (போடிநாயக்கனூர்)

தாமதமாக வருகிறேன். போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர் என்று சுற்றுகிறவன். சோலாரைப் பற்றி நான் கற்றது ஒன்றே ஒன்று: மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஆடியில் மூணாறில் நாள் முழுக்க 660 வாட் பேனலில் 80, 100 வாட் வந்தால் பெரிது. அங்கிருந்து 40 கிலோமீட்டர் இறங்கி மறையூர் போனால் மழை மறைவுப் பிரதேசம். வெயில் அடிக்கும். அதனால் தென்மேற்குப் பருவத்தில் மூணாறில் ஓர் இரவு, மறையூர், காந்தளூரில் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வேன். புளியரை நண்பருக்கும் அப்படித்தான், தென்மலையில் சார்ஜ் ஏறாவிட்டால் மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடையநல்லூர்ப் பக்கம் வெளிச்சம் இருக்கும்.

இன்னொன்று. எம்பிபிடி போடும்போது இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து) போடச் சொல்லி யாராவது கிளப்புவார்கள். கேட்காதீர்கள். குளத்துப்புழை, புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்ட நிழல். சீரிஸில் ஒரு பேனல் நிழலில் மாட்டினால் இரண்டுக்கும் சேர்ந்து அடி. பேரலலில் ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் (பாலக்காடு)

நிழல் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். பேனலுக்குள் பைபாஸ் டயோடு மூன்று இருக்கிறது, நிழல் விழுந்த பகுதியை மட்டும் தாண்டிப் போகும். சீரிஸில் வயர் மெல்லிசாகப் போதும், காலையிலும் கன்ட்ரோலர் சீக்கிரம் விழிக்கும்.

---

ஆம்பியர் அண்ணாச்சி (தென்காசி)

டயோடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் சீரிஸ் வேண்டாம் என்பதற்கு நிழலை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தம்பியின் பேனல் திறந்த சுற்றில் 46 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 92. இது 25 டிகிரியில் எடுத்த கணக்கு. குளிர் ஏற ஏற வோல்ட் ஏறும், டிகிரிக்கு 0.3 சதவீதம் அளவில். தை மாத விடியலில் மூணாறு சில நாள் 0 டிகிரியைத் தொடும். 25 டிகிரி குறைந்தால் ஏழரை சதவீதம், 99 வோல்ட். 100/50 என்று எழுதிய கன்ட்ரோலரில் அந்த 100 என்பது பேனல் பக்கம் தாங்கும் உச்ச வோல்ட், 50 என்பது பேட்டரிக்குத் தரும் உச்ச ஆம்பியர். ஒரு வோல்ட் இடைவெளியில் சாமானை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. சீரிஸ்தான் வேண்டும் என்றால் 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். காசு கூட.

ஆகவே பேரலல், 100/50. 46 வோல்ட் என்பது 12 வோல்ட் பேட்டரிக்குத் தாராளம். மாட்டும்போது முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கூரையிலிருந்து வரும் வயருக்கு டிசி ஐசொலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். வீட்டு போர்டில் இருக்கிற ஏசி எம்சிபியை எடுத்துப் போட்டு ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிசி ஆர்க் (தீப்பொறி) அதில் அணையாது, உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

---

ஏலக்காய்க்காரி (வண்டிப்பெரியாறு)

ஃபேனுக்கு 12 வோல்ட் பிஎல்டிசி மோட்டார் ரகம் கிடைக்கிறது, 30 வாட்டுக்குள் ஓடும். சாதா ஃபேன் 75 வாட். அதை மாற்றினால் ராத்திரி யுபிஎஸ்ஸை அணைத்துவிடலாம். மிக்ஸி போடும்போது மட்டும் ஆன் செய்தால் போதும்.

அப்புறம் ஒரு சந்தேகம். பேட்டரி பின்கட்டிலுக்கு அடியில் என்று சொன்னீர்கள். அந்தக் கட்டிலில் படுப்பது யார்?

---

புளியரைக்காற்று (செங்கோட்டை)

அம்மாதான். ஏன் அக்கா?

---

ஏலக்காய்க்காரி (வண்டிப்பெரியாறு)

டியூபுலர் சார்ஜ் ஏறி முடிகிற கட்டத்தில் ஹைட்ரஜன் விடும், அமில வாடையும் வரும். வீட்டில் வராந்தாவில், மாடிப்படிக்கு அடியில் வைப்போம், காற்று அள்ளிக்கொண்டு போகும். மழைக்கு ஜன்னலை எல்லாம் அடைத்த வண்டிக்குள், படுக்கைக்கு அடியில், பக்கத்திலேயே கேஸ் அடுப்பு. எனக்கு இது சரியாகப் படவில்லை.

---

ஸ்பேனர் தம்பி (பொள்ளாச்சி)

அக்கா சொல்றது முக்கியமுங்க. டியூபுலரை வண்டிக்குள்ளே வைக்கிறதா இருந்தா மூடிய பெட்டிக்குள்ளே வைத்து, பெட்டியின் மேல்மட்டத்திலிருந்து வெளியே ஒரு குழாய் விடணும். ஹைட்ரஜன் மேலேதான் ஏறும். தரையில் ஓட்டை போட்டுட்டு காற்று போகுதுன்னு நினைச்சுக்கக் கூடாது.

---

புளியரைக்காற்று (செங்கோட்டை)

நண்பர்களே, ஆடி முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

100/50 எம்பிபிடி, 30 ஆம்பியர் டிசி-டிசி, 12 வோல்ட் ஃபேன் மூன்றும் போட்டாயிற்று. பேட்டரி பழையதுதான். எம்பிபிடியின் உச்சத்தை 20 ஆம்பியரில் நிறுத்தி வைத்தேன். மூடாப்பில் ஒன்பது, சில நேரம் பத்து ஆம்பியர் வருகிறது. பின்னிரவுக் கூச்சல் போயிற்று, ஃபிரிட்ஜ் நிற்கவில்லை.

டிசி-டிசியில் ஒன்று கவனித்தேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 30 ஆம்பியர் கணக்கில் 45 ஏஹெச் வர வேண்டும். முதல் அரை மணி 28 காட்டியது. தென்மலை தாண்டும்போது 18. புனலூர் ஊருக்குள் நுழையும்போது 11. சார்ஜர் பழுதா? 28 என்பது டியூபுலருக்கு அதிகம் என்று தெரியும், அதையும் குறைக்க வேண்டும்.

---

ஆம்பியர் அண்ணாச்சி (தென்காசி)

பழுதில்லை தம்பி. ஈய-அமில பேட்டரியின் குணமே அதுதான். மூட்டையில் நெல் கொட்டுகிற மாதிரி: முக்கால் மூட்டை சளசளவென்று இறங்கிவிடும், கடைசி மரக்காலைக் குலுக்கிக் குலுக்கித்தான் இறக்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேலே அது தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். சாரல் காலத்தில் அந்த மணிக்கணக்கு வெயில் கிடைக்காது, வண்டியும் அவ்வளவு நேரம் ஓடாது. அதனால் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நின்று, தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் சாகும்.

லித்தியத்தின் உண்மையான லாபம் இங்கேதான். 160 ஏஹெச் எடுக்கலாம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கிடைக்கிற அரை மணி வெயிலை, ஒன்றரை மணி ஓட்டத்தைக் குறைக்காமல் வாங்கிக்கொள்ளும், அரைகுறையாக நின்றாலும் அதற்குக் கேடில்லை. வரவைச் சரி செய்தாயிற்று, இப்போது பீரோ வாங்கலாம்.

---

புளியரைக்காற்று (செங்கோட்டை)

வாங்கத்தான் போகிறேன் அண்ணாச்சி, ஆனால் ஆம்பியருக்காக இல்லை. ஏலக்காய் அக்கா சொன்ன பிறகு ஒரு நாள் மாலையில் கட்டில் பலகையைத் தூக்கி மோந்து பார்த்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, பக்கத்து இரும்புக் கீலிலும் துரு. அம்மாவை உடனே முன்கட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.

மனைவிக்கு ஒரே பயம்தான். ஸ்கூட்டர் தீப்பிடித்த வீடியோக்கள் எல்லாம் அவள் போனில் இருக்கின்றன.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் (பாலக்காடு)

தங்கச்சியிடம் சொல்லுங்கள், வாங்கப்போவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஸ்கூட்டர் பலவற்றில் வருவது நிக்கல் சேர்ந்த வேறு ரகம், அது சூட்டுக்குச் சீக்கிரம் கட்டு மீறும். பாஸ்பேட் அந்த விஷயத்தில் நிதானமானது. பில்லில் அந்தப் பெயர் இருக்கிறதா, 12.8 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு செல், ஒவ்வொன்றும் 3.2.

---

ஸ்பேனர் தம்பி (பொள்ளாச்சி)

நிதானம்னு சொல்லி ஃப்யூஸை விட்டுடாதீங்க. ஷார்ட் ஆனா டியூபுலரை விட வேகமா ஆம்பியரைக் கொட்டும் இது. பாசிட்டிவ் டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளே டி-கிளாஸ் ஃப்யூஸ் (பெரிய ஷார்ட்டையும் சட்டுனு அறுக்கிற ரகம்), உங்க 850 விஏ-வுக்கு 100 ஆம்பியர் போதும். கார் ஆடியோவுக்குப் போடுற ஃப்யூஸ் வேண்டாம்.

செட்டிங்: எம்பிபிடி, டிசி-டிசி இரண்டிலும் சார்ஜ் வோல்ட் 14.2, ஃப்ளோட் (நிறைஞ்ச பிறகு பிடிச்சு வைக்கிற வோல்ட்) 13.5. ஈக்வலைசேஷன் (ஈய பேட்டரிக்குப் போடுற மிகைச் சார்ஜ்) ஆஃப். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (சூட்டுக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுறது) சுழியம். 20 ஆம்பியர் கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. 0 டிகிரிக்குக் கீழே பாஸ்பேட்டைச் சார்ஜ் பண்ணக் கூடாது. மூணாறு விடியலுக்கு 5 டிகிரி கட்-ஆஃப் வையுங்க, பேட்டரி வண்டிக்குள்ளே இருக்கிறதால் அதுவே எப்பவாவதுதான் வரும். கேம்ப் சைட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகும்போது யுபிஎஸ் வழியா சார்ஜ் ஏற்றாதீங்க. அது டியூபுலருக்குப் பழகினது, பூஸ்ட்னு சொல்லி 15 வோல்ட்டைத் தாண்டும், பேட்டரிக்குள்ளே இருக்கிற பிஎம்எஸ்ங்கிற காவல் சர்க்யூட் பட்டுனு துண்டிக்கும். 14.4 வோல்ட் லித்தியம் சார்ஜர் ஒன்று தனியா வாங்கிடுங்க.

---

மலைவண்டி (போடிநாயக்கனூர்)

ஷன்ட் மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். டியூபுலரில் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். பாஸ்பேட்டில் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் 13-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும், பிறகு திடீரென்று விழும். உள்ளே போனது வெளியே வந்தது எண்ணுகிற மீட்டர் இருந்தால்தான் கணக்கு தெரியும்.

கூரையில் கை வைக்கும்போது ஆர்சி புத்தகத்தையும் பாருங்கள். கேரவன் உடலுக்கு ஏஐஎஸ்-124 என்று விதிமுறை இருக்கிறது. ஆர்சியில் கேரவன் என்று ஏறியிருக்கிறதா, பேனலோடு சேர்த்து உயரம் சரியாக இருக்கிறதா என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் செக்போஸ்டில் பேச்சு சுருக்கமாக முடியும்.

---

புளியரைக்காற்று (செங்கோட்டை)

ஆர்சியில் கேரவன் என்றுதான் இருக்கிறது. 200 ஏஹெச் பாஸ்பேட், ஷன்ட் மீட்டர், டி-கிளாஸ் ஃப்யூஸ் மூன்றுக்கும் சொல்லிவிட்டேன். பழைய டியூபுலரை எடைக்குப் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

---

ஆம்பியர் அண்ணாச்சி (தென்காசி)

அவசரப்படாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வீட்டு யுபிஎஸ்ஸில் மாட்டி, மெதுவாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஆறும் ஒரே மாதிரி 1.23, 1.24 காட்டினால் வீட்டு வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் எடைக்குப் போடுங்கள். பாஸ்பேட்டோடு பேரலலில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அடுத்து யாராவது அதைத்தான் சொல்வார்கள்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன் (பாலக்காடு)

நான் சொல்ல வந்தேன் அண்ணாச்சி, கையைக் கட்டிவிட்டீர்கள்.